கல் நல்ல கல்தான், முகம்தான் பாவம்

கல் விற்கிற தொழிலில் சரக்கு கெட்டுப்போகாது, வாங்கினவரின் முகம்தான் கெட்டுப்போகும்.

நான் வேலை செய்வது பதுளைக் கடைவீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில். ஒரு பக்கம் பெயின்ட், மறுபக்கம் ஆணி, நடுவில் இருக்கிற ஒரு தட்டு என் பொறுப்பு. கத்தி தீட்டும் கல் எல்லாம் அந்தத் தட்டில்தான். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் சமையல் கத்திக்கும் கல் வாங்குகிறவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வருவார்கள், விரலால் தடவிப் பார்ப்பார்கள், போவார்கள். சவரக்கத்திக்குக் கல் கேட்டு வருகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். சலூன்களில் இப்போது ஆளுக்கொரு புது பிளேட் என்று ஆகிவிட்டது. ஆனால் நாலைந்து வருஷமாக, போனில் வீடியோ பார்த்துவிட்டு மடக்குகிற சவரக்கத்தி வாங்கி வீட்டிலேயே சவரம் செய்கிறவர்கள் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஒரு கத்தி வாங்கி, எந்தக் கல்லில் தீட்டுவது என்று தெரியாமல் அலைந்தவராக இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே சாதி.

தகுதி

இந்தத் தட்டு எனக்குக் கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய சவரக்கத்தி வாங்கினேன். தந்தம் போல வெள்ளைப் பிடி, பார்க்க ராஜாவீட்டுச் சாமான் மாதிரி இருந்தது. வீட்டில் கல் இல்லை. பின்வாசல் சிமெந்துப் படியில் தீட்டினேன். என் மனைவி ஸ்டெல்லா மீன் வெட்டும் கத்தியை அதில்தான் தீட்டுவாள், நன்றாகத்தான் வெட்டும். பிறகு அம்மிக்கல்லின் ஓரத்தில் தீட்டினேன். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டி தீட்டுகிற கறுப்புக் கல்லை வாங்கி அதிலும் ஒரு கை பார்த்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது கன்னத்தில் மூன்று இடத்திலும் தாடையில் ஒரு இடத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. கழுத்தில் ஒரு பிளாஸ்டர். கடையில் அப்போதுதான் கல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொந்தமாகக் கடை போட விலகியிருந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது இது: "உன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது, நீ எல்லாக் கல்லையும் பாவிச்சுப் பாத்துட்டே. இனி அந்தத் தட்டு உன் பொறுப்பு."

ஒரே கல்

சவரக்கத்திக்கு ஒரு கல் போதாது. கூர் முழுதாகப் போன கத்திக்கு ஆயிரம் நம்பர் கல். பிறகு நாலாயிரம், பிறகு எட்டாயிரம். நம்பர் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். முகத்தில் வைக்கிற கத்திக்கு அந்தக் கடைசி நைஸ் அவசியம். இதை நான் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறேனோ தெரியாது. ஒருநாள் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கோடரி, கவ்வாத்துக் கத்தி, வீட்டுக்காரியின் கத்திரிக்கோல், தன் சவரக்கத்தி, இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே ஒரு கல் வேண்டுமாம். அப்படி ஒரு கல் உலகத்திலேயே இல்லை என்று பதினைந்து நிமிஷம் விளக்கினேன். ஆயிரத்தைத் தடவக் கொடுத்தேன், எட்டாயிரத்தைத் தடவக் கொடுத்தேன். பொறுமையாகத் தடவிப் பார்த்துவிட்டு இரண்டையும் திருப்பித் தந்தார். "அப்புடி என்னங்க இல்லாமப் போகும்? நான் ஒரே ஆளு. தகப்பனா இருக்கேன், புருசனா இருக்கேன், கங்காணியாவும் இருந்துட்டேன். ஒரு கல்லால முடியாதா?"

வெள்ளைக் கல்

எட்டாயிரம் நம்பரில் ஒரு கம்பெனிக் கல் வரும். பால் வெள்ளை நிறம், மழமழவென்று, நாலு மூலையும் உருட்டி, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. இதற்கு மேல் நான் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அதை வாங்கிக்கொண்டு போன மின்சார சபை ஊழியருக்குப் புரியவில்லை. தீட்டிவிட்டுக் கழுவிக் காயட்டும் என்று குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து அப்புத்தளையிலிருந்து அவருடைய மாமி, மனைவியின் அம்மா, வந்து இறங்கியிருக்கிறார்.

மாமி குளித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனதாம். நுரை வரவில்லை என்று அழுத்தித் தேய்த்திருக்கிறார். கையில் தேய்த்து, காலில் தேய்த்து, கடைசியில் கோபத்தில் குதிகாலில் போட்டுத் தேய்த்திருக்கிறார். வெளியே வந்து, "உங்க ஊர் சவுக்காரம் கல்லு மாதிரி இருக்கு" என்று மகளிடம் முறைப்பாடு வேறு. இதையெல்லாம் அந்த மனிதர் என் முன்னால் நின்று சொல்லும்போது நான் பயந்துபோனேன். நட்டஈடு கேட்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதினஞ்சு வருசமா இருந்த பித்தவெடிப்பு போயிருச்சு. மாமி ஊருக்குக் கொண்டுபோக இன்னொன்னு கேக்குறாங்க."

தாடி

இங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற டொக்டர் ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதிருக்கும், இன்னும் கல்யாணமாகவில்லை. அவருடைய அப்பா பாவித்த சவரக்கத்தியை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதைத் தீட்டி, அந்தக் கத்தியால்தான் இனி சவரம் செய்வது என்று சபதம். முதல் வாரம் ஆயிரம் நம்பர் வாங்கினார். இரண்டாம் வாரம் நாலாயிரம். மூன்றாம் வாரம் எட்டாயிரம். நாலாம் வாரம் வந்து, "தம்பி, பன்னிரண்டாயிரம் இருக்கோ?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் தெரியவில்லை, தாடிதான் தெரிந்தது.

போனை எடுத்து ஒரு படம் காட்டினார். நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துக் கத்தியின் கூரைப் படம் எடுத்திருக்கிறார். எக்ஸ்ரே விளக்குகிற மாதிரி, "இதில பாரும், இந்த இடம் நல்ல நேர். இந்த இடத்தில மட்டும் ஏதோ மாதிரிக் கிடக்கு" என்று விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார். எனக்கு ஏதோ மலைத்தொடர் மாதிரித்தான் தெரிந்தது. "டொக்டர், கத்தியக் கொண்டு வாங்க, எப்புடித் தீட்டுறீங்கன்னு ஒருக்காக் காட்டுங்க" என்றேன். மறுநாள் கொண்டுவந்தார். கல்லை நனைத்து மேசையில் வைத்தேன். அவர் கத்தியை எடுத்த விதமே அழகு. இரண்டு விரல், கொஞ்சமும் நடுக்கமில்லை. முதுகைக் கல்லிலிருந்து லேசாகத் தூக்கி, நோயாளியின் வயிற்றைக் கீறுகிற மாதிரி ஒரே இழுப்பு.

பிரச்சினை அதுதான். சவரக்கத்தியை முதுகும் கூரும் இரண்டும் கல்லில் படுகிற மாதிரிப் படுக்கவைத்துத்தான் தள்ள வேண்டும். முதுகைத் தூக்கினால் அவ்வளவும் வீண், பன்னிரண்டாயிரம் அல்ல, பன்னிரண்டு லட்சம் நம்பர் வாங்கினாலும் கத்தி முடியைப் பிடித்துத்தான் இழுக்கும். சொன்னேன். டொக்டர் கத்தியை மேசையில் வைத்தார். "நாங்கள் கத்தி தீட்டிறேல்லை, தம்பி. மழுங்கினா எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுப்பம்" என்றார். பிறகு மறுபடி ஆயிரத்திலிருந்து தொடங்கினோம். கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில் கத்தி கையிலிருந்த மயிரை வழித்தது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். போகும்போது தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஆஸ்பத்திரி வாட்டில எல்லாரும் எனக்குக் காதல் தோல்வி எண்டு கதைக்கினம். இது கல்லுத் தோல்வி எண்டு நான் எப்பிடித் தம்பி சொல்லுறது?"

ஒரு முடி

தீட்டின கத்தியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு முடியை நுனியில் பிடித்துத் தொங்கவிட்டுக் கூரில் தொட வேண்டும். தொட்டதும் துண்டாகி விழுந்தால் கத்தி தயார். எனக்குத் தலையில் முடி கிடையாது. ஆகையால் பில் போடுகிற மாலினியிடம்தான் கேட்பேன். நல்ல பிள்ளை, இடுப்புக்குக் கீழே பின்னல். ஒரு வருஷம் முகம் சுளிக்காமல் கொடுத்தாள். பிறகு ஒருநாள், "அண்ணே, கடைக்கு ஒரு சவுரி வாங்கி வைங்க. இனி ஒரு முடியும் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த விஷயம் தெரியாத ஒரு வாடிக்கையாளர் அடுத்த நாள் கத்தியோடு வந்தார். என் சோதனையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராக மாலினியின் மேசைக்குப் போய், மிகுந்த மரியாதையோடு, "தங்கச்சி, உங்க முடி ரொம்ப நல்ல முடின்னு சொன்னாங்க. ஒன்னே ஒன்னு தருவீங்களா?" என்று கேட்டார். நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் இருந்து அவருடைய மனைவி வந்துவிட்டார். கையில் குடை இருந்தது. "ஏன், என் தலையில இருக்கிறது என்ன, தும்புக் கயிறா?"

கிளாக்கரய்யா

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சின்ன சேர்ச்சைக் கூட்டித் துடைக்கிறவர் சூசை அண்ணன். கல்லுக்கு எதற்குக் காசு, மலை முழுக்கக் கல்தானே என்கிற கட்சி. ஆற்றுக் கல், படிக்கல், பழைய பங்களாவின் தரைக்கல் என்று எல்லாவற்றிலும் தன் சவரக்கத்தியைத் தீட்டிப் பார்த்தவர். ஒருநாள் மூன்று மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்து கத்தியை என் முன்னால் விரித்தார். கூர் முழுக்கப் பல் பல்லாக இருந்தது. அதை வைத்து மரம் அறுக்கலாம்.

"எதுலண்ணே தீட்டினீங்க?" என்று கேட்டேன். மெதுவாக விஷயம் வெளியே வந்தது. மழைக்கு ஒரு சவுக்கு மரம் விழுந்து கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறையின் கல் உடைந்துவிட்டது. குடும்பத்தார் கொழும்பிலிருந்து வந்து புதுக் கல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். உடைந்த பழைய கல்லில் ஒரு துண்டை இவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். கறுப்புக் கல், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, ஒரு சொரசொரப்பும் இல்லை. இதை விட நைசான கல் பதுளையிலேயே கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டார். அதில் வெட்டியிருந்த எழுத்துகளை அவர் கணக்கில் எடுக்கவில்லை. 'இளைப்பாறுகிறார்' என்பதில் 'இளைப்' வரைக்கும் அவருடைய துண்டில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் கத்தியின் கூர் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் இறங்கி ஏறியிருக்கிறது.

ஆயிரம் நம்பர் போதாது, அதற்கும் கீழே போக வேண்டும் என்று ஒரு முரட்டுக் கல்லை எடுத்துக் கொடுத்தேன். அந்தத் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டதாகச் சொன்னார். "யாருடைய கல்லறைண்ணே?" என்று கேட்டேன். தோட்டத்துப் பழைய பெரிய கிளாக்கராம். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தினாலும் அரைநாள் சம்பளத்தை வெட்டிவிடுகிற மனிதராம். சூசை அண்ணன் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டார். "உசுரோட இருந்தப்ப சம்பளத்த வெட்டுனாரு. செத்த பொறகு கத்தியையும் வெட்டிட்டாரு."

சவரிமுத்துவின் கத்தி

இதில் என் மேல்தான் பிழை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நத்தார் பண்டிகை நெருங்குகிற சமயம், கடை நிறையக் கூட்டம். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற ஒரு பெண் வந்து, "அண்ணே, கத்தி தீட்ட ஒரு கல்லு" என்றாள். நான் அவளைப் பார்த்தேன், தோட்டத்துப் பெண், வீட்டுக் கத்திதான் என்று நானே முடிவு செய்து ஒரு முரட்டுக் கல்லைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். மூன்று நாளில் திரும்பி வந்தாள். பெயர் புஷ்பம். ஒரு துவாயைப் பிரித்து மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு சவரக்கத்தி, கூர் முழுக்கக் கீறல். துவாயில் இரத்தம்.

"என்ன கத்தின்னு ஒரு வார்த்த கேட்டீங்களாண்ணே?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவளுடைய அப்பா சவரிமுத்து கவ்வாத்து வேலை செய்து ஓய்ந்தவர். ஆறு மாதத்துக்கு முன்னால் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, "ம்"மும் "தண்ணி"யும்தான் மிச்சம். அந்த வாதம் வருவதற்கு முந்தின நாள் வரை தினமும் தன் கையால், அந்தக் கத்தியால் சவரம் செய்தவர். பிளேட் ரேசரைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். "தாடியோட யாரும் பாக்கக் கூடாதுன்னு, ஆளு வந்தா செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறாரு. வெளிய உக்கார வைக்கச் சொல்லி டாக்டரு சொல்றாரு. வர மாட்டேங்கிறாரு. நானே செரைச்சு விடலாம்னு பாத்தா, மொத இழுப்புலயே வெட்டிருச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று கற்களைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்வெளி பஸ் ஏறினேன். லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பிரா அவர்களுடையது. நான் உள்ளே போனதும் கட்டிலில் இருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். மேசையை ஜன்னலோரம் இழுத்து, கல்லை நனைத்து, வேலையைத் தொடங்கினேன். கல்லில் கத்தி போகிற சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் தலை மட்டும் என் பக்கம் திரும்பியது. நான் செய்த கீறலை எடுக்கவே அரை மணி நேரம் போயிற்று. நாலாயிரத்துக்கு வந்தபோது அவர் இடது கையைக் கட்டில் சட்டத்தில் தட்டினார். புஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது. "நீங்க அமுக்குறீங்களாம்" என்றாள். பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் கல்லைப் பற்றி வகுப்பெடுக்கிறவன் நான். கத்தியை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அவள் கை கல்லில் பட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. அவ்வளவு லேசு. நாளெல்லாம் கொழுந்தை நசுக்காமல் பறிக்கிற விரல். எட்டாயிரத்தை முடித்து, அப்பாவின் தோல் வாரில் முப்பது தரம் இழுத்து, தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கித் தொட்டாள். முடி விழுந்ததே தெரியவில்லை. அப்பாவைத் தலையணையில் சாய்த்து நுரை போட்டாள். முதல் இழுப்பில் நான் துவாயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டாவதில் சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கன்னம், மறு கன்னம், தாடை, கழுத்து. ஒரு சொட்டு இரத்தம் இல்லை. வாசலில் பக்கத்துக் காம்பிராச் சனம் சேர்ந்துவிட்டது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. புஷ்பம் உற்சாகத்தில் நுரைப் பிரஷை மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள். ஆறு மாதம் வளர்ந்த காட்டை முழுசாகச் சுத்தம் செய்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. கத்தி மேலுதட்டுக்கு வந்த நொடியில் இடது கை எழும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கண் திறந்தது. ஆறு மாதமாக ஒரு வசனம் பேசாத மனிதர், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மீசையில கை வச்சே, அந்தக் கல்லாலயே அடிப்பேன்."

நல்ல கல் எது என்று கேட்டால், வாங்கினவரை இரண்டாம் தரம் சிரித்துக்கொண்டே கடைக்கு வரவைக்கிற கல் என்றுதான் சொல்வேன், அப்படிப்பட்ட கல் என் தட்டிலிருந்து இதுவரை மூன்றுதான் போயிருக்கிறது, மூன்றும் ஸ்பிரிங்வெளியில் புஷ்பத்தின் வீட்டில் இருக்கின்றன.